காலை 7.35 வேன், இரண்டு டப்பா: மதியம் வரை கெடாமல், 7 மணிக்கு ஓடாமல் முடிப்பது எப்படி?

வேளச்சேரி மாடிவீடு

வீட்டில் ரெண்டு பேரும் வேலைக்குப் போகிறோம். பெரியவள் மூன்றாம் வகுப்பு, சின்னவன் யு.கே.ஜி. வேன் 7.35-க்கு தெருமுனையில் நிற்கும். சின்னவன் டப்பா திறப்பது 11.15, பெரியவள் 12.40. மூன்று பர்னர் அடுப்பு, டேபிள் டாப் கிரைண்டர், ஒரு ஃப்ரிட்ஜ் இருக்கின்றன.

மாட்டிக்கொள்ளும் இடங்கள் இவை. தயிர்சாதம் மதியத்துக்குள் புளித்துவிடுகிறது. தேங்காய்ச் சட்னியில் வாடை வருகிறது. சப்பாத்தி அப்பளம் மாதிரி விறைத்துப் போகிறது. ஞாயிறு அரைத்த மாவு புதன்கிழமை தோசைக்கே புளிப்பு. சின்னவன் டப்பா பாதிக்கு மேல் அப்படியே திரும்பி வருகிறது. 5.30-க்கு எழுந்தாலும் 7 மணிக்கு ஓட்டமாகத்தான் இருக்கிறது. அளவும் நேரமும் போட்டுச் சொல்லுங்கள், புண்ணியமாகப் போகும்.

ராஜம் சமையல்

தயிர்சாதத்தில் தொடங்குகிறேன் கண்ணு. டப்பா தயிர்சாதத்தில் தயிர் போடக் கூடாது, பால்தான் போட வேண்டும். தயிர் உறைக்கு மட்டும்.

சாதம் ஒரு கப், சூடாக இருக்கும்போதே கரண்டியின் பின்பக்கத்தால் நன்றாக மசி. ஆறினபின் மசித்தால் குழையாது, பருக்கை பருக்கையாக நிற்கும். காலையில் காய்ச்சிய பால் முக்கால் கப் ஊற்றிக் கிளறு. கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் புளிக்காத தயிர் ஒரு டீஸ்பூன், உப்பு. அவ்வளவுதான். பார்க்கக் கஞ்சி மாதிரி தளதளவென்று இருக்கும், பயந்துபோய் இன்னும் சாதம் சேர்க்காதே. 7 மணிக்குக் கலந்தது 12.40-க்கு கெட்டியாக, இனிப்பாக உறைந்திருக்கும். சித்திரை வைகாசியில் அரை டீஸ்பூன் தயிர் போதும். மார்கழியில் இரண்டு. 11.15-க்குத் திறக்கிற சின்னவனுக்கு உறைய நேரம் கம்மி, அவனுக்கும் இரண்டு டீஸ்பூன் போடு.

கொதிக்கக் கொதிக்க உறை ஊற்றினால் உறையாது. வெள்ளரிக்காய் போட்டால் தண்ணீர் விடும். பச்சை வெங்காயம் வேண்டவே வேண்டாம். தாளிப்பு ஆறிய பிறகு கொட்டு, மாதுளை முத்து மேலே தூவு.

தேங்காய்ச் சட்னிக்கு ஆயுசு மூன்று நான்கு மணி நேரம்தான். பச்சைத் தேங்காயும் பச்சைத் தண்ணீரும் சேர்ந்த பண்டம், மூடிய டப்பாவில் வெயிலில் எப்படி நிற்கும்? டப்பாவுக்குப் பொடி இட்லிதான். உளுந்து ஒரு கப், கடலைப்பருப்பு அரை கப், எள் கால் கப். தனித்தனியாக, எண்ணெய் இல்லாமல் வறு. வற்றல் மிளகாய் பெரியவர்களுக்குப் பன்னிரண்டு, பிள்ளைகளுக்கு ஐந்து போதும். கட்டிப் பெருங்காயம், கல் உப்பு. ஆறினபின் கரகரப்பாகப் பொடி, சூட்டோடு மிக்ஸியில் போட்டால் எள் எண்ணெய் விட்டுக் கட்டியாகும். இட்லி வெதுவெதுப்பாக இருக்கும்போதே ஒரு இட்லிக்கு ஒரு டீஸ்பூன் பொடி, ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெய் என்று குழைத்து இரண்டு பக்கமும் தடவிவிடு. தொட்டுக்கொள்ளத் தனி டப்பா தேவையில்லை, சட்டையும் நாசமாகாது.

சாம்பார் சாதம் என்றால் காலையில் தளரக் கிளறு. பருப்பு ஆறும்போது இறுகும். 7 மணிக்குச் சரியான பதத்தில் இருந்தால் 12.40-க்குக் கல்.

கொங்குக் கிரைண்டர்

மாவு பத்தி நான் சொல்றேனுங்க.

இட்லி அரிசி நாலு டம்ளர், முழு உருட்டு உளுந்து ஒரு டம்ளர், வெந்தயம் ஒரு டீஸ்பூன். அரிசி 5 மணி நேரம் ஊறட்டும். உளுந்துக்கு ஒன்றரை மணி நேரம் போதுமுங்க, அதுக்கு மேல ஊறினா பொங்குறது கொறையும். உளுந்து ஊறுற பாத்திரத்தை ஃப்ரிட்ஜுல வெச்சிருங்க, அந்தத் தண்ணியவே தெளிச்சு அரைங்க. கிரைண்டர்ல 25 முதல் 30 நிமிஷம். தண்ணிய ஒரே தடவையா ஊத்தாம கை கையா தெளிக்கோணும். ஒரு சொட்டு எடுத்துக் கிண்ணத்துத் தண்ணில போட்டா மிதக்கோணும். மூழ்கிச்சுன்னா இன்னும் காத்து ஏறலைன்னு அர்த்தம். அரிசி ரவைப் பதம் போதும், நைசா அரைச்சா இட்லி களியாயிரும். மிக்ஸிதான்னா ஐஸ் தண்ணி ஊத்துங்க, ஒரு நிமிஷத்துக்கு மேல ஒரே ஓட்டமா ஓட்டாதீங்க. மாவு சூடானா பொங்காது.

கல் உப்புப் போட்டுக் கையாலயே கலக்குங்க. பாத்திரத்துல பாதிக்கு மேல ஊத்தாதீங்க.

இப்போ உங்க புதன்கிழமைப் புளிப்புக்கு வர்றேன். மொத்த மாவையும் ஒரே குண்டாவுல புளிக்க வெச்சு, தினமும் அதுலயே கரண்டி விட்டுக் கலக்குறீங்க. அதுதான் தப்பு. அரைச்ச உடனே ரெண்டு பாத்திரமாப் பிரிச்சிருங்க. ஒண்ணு திங்கள், செவ்வாய்க்கு. அது ராத்திரி முழுக்க வெளியே இருக்கட்டும். ரெண்டாவது மூணு மணி நேரம் மட்டும் வெளியே வெச்சு, லேசாக் குமிழ் தெரிய ஆரம்பிச்சதும் ஃப்ரிட்ஜுக்குள்ள. செவ்வாய் ராத்திரி படுக்கப் போறப்ப அதை வெளியே எடுத்து வெச்சா புதன் காலைல புது மாவாப் பொங்கியிருக்கும். வியாழன் வரைக்கும் இட்லியே ஊத்தலாம். வெள்ளிக்கிழமை மிச்சத்துல வெங்காயம், கேரட் போட்டுப் பணியாரம்.

சென்னை மே மாசத்துல ஞாயித்துக்கிழமை சாயங்காலம் 6-க்கு அரைச்சு வெளியே வெச்சா ராத்திரியே வழிஞ்சிரும். 9 மணிக்கு மேல அரைங்க. டிசம்பர்ல எங்க ஊர்ல 12 மணி நேரம்கூட ஆகும், அப்போ மூடின அடுப்பு ஓவனுக்குள்ள விளக்கு மட்டும் போட்டு வைப்போம். பழைய உளுந்தா இருந்தா எத்தனை அரைச்சாலும் எழும்பாது, கடைல புது வரவு கேட்டு வாங்குங்க.

நுண்ணுயிர் மாணவி

கொங்கு அண்ணா சொன்னதற்குக் காரணம்: இட்லி மாவை முதலில் பொங்கவைப்பது லியூகோநாஸ்டாக் மெசன்டிராய்டஸ் என்ற பாக்டீரியா. அரிசியிலும் உளுந்திலும் இயல்பாகவே இருப்பது. அது வாயுவை விட்டு மாவை எழுப்பும், அமிலமும் உண்டாக்கும். உளுந்தின் பசைதான் அந்த வாயுவைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அதிகச் சூட்டில் புளிப்பு பொங்கலை முந்திவிடும்.

டப்பாச் சோறு பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இதைப் பலரும் தெரியாமல் செய்கிறார்கள். அரிசியில் பாசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கும். கொதிக்கவைத்தாலும் அவை சாவதில்லை. சோறு அறைச்சூட்டில் மணிக்கணக்காகக் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். வாந்தியை உண்டாக்கும் அந்த நஞ்சு மறுபடி சூடுபண்ணினாலும் அழியாது. இரவு 8-க்கு வடித்த சோற்றை மேடையிலேயே மூடி வைத்து, காலையில் எலுமிச்சை பிழிந்து கட்டிக் கொடுப்பது அதனால்தான் ஆபத்து. மிஞ்சிய சோறு வேண்டுமென்றால் அகலத் தட்டில் பரப்பி ஆறவிட்டு, ஒன்றரை மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். காலையில் ஆவி பறக்கச் சூடுபண்ணிய பிறகே கலக்க வேண்டும்.

டப்பாவில் இரண்டே வழிதான். ஒன்று 60 டிகிரிக்கு மேல் சூடாகவே இருக்க வேண்டும், அதற்கு ஃபிளாஸ்க் டப்பா. கொதிநீரை ஊற்றி மூடி 10 நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டு, ஆவி பறக்கிற உணவை விளிம்பு வரை நிரப்புங்கள். பாதி நிரப்பினால் சீக்கிரம் ஆறும். இல்லையென்றால் நன்றாக ஆறவிட்டு மூட வேண்டும், அதிலும் புளிப்போ எண்ணெயோ உள்ள, ஈரம் குறைந்த உணவாக இருக்க வேண்டும். புளியோதரை நிற்பது இதனால்தான். வெதுவெதுப்பாக மூடுவதுதான் இரண்டும்கெட்டான் நிலை. மூடியின் உள்பக்கம் ஆவி முத்து முத்தாகப் படிந்து, சொட்டி, மேல் அடுக்குச் சோறு கொழகொழப்பாகும். டப்பாவைத் திறந்ததும் வருகிற அந்த வாடை அங்கேதான் தொடங்குகிறது.

தஞ்சை வாசகர்

பழைய சோறு ராத்திரி முழுக்க வெளியேதானே இருக்கிறது? அது கெடுவதில்லையே?

நுண்ணுயிர் மாணவி

அது வேறு கதை ஐயா. நீர் ஊற்றி மூழ்கடித்து வைக்கும்போது லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் வளர்ந்து நீரைப் புளிப்பாக்கிவிடும், அந்தப் புளிப்பு மற்றதை அடக்கிவைக்கும். உலர்ந்து கிடக்கிற சோற்றில் அந்தக் காவல் கிடையாது. அதற்காகப் பழைய சோற்றை டப்பாவில் கட்டி இன்னும் ஐந்து மணி நேரம் வெயிலில் வைக்கலாம் என்று ஆகாது. காலையிலேயே வீட்டில் சாப்பிட்டுவிட வேண்டும்.

மூணு அடுப்பு

மாடிவீடு கேட்ட "7 மணி ஓட்டம்" பற்றி. சமைக்கிற நேரத்தை எல்லாரும் கணக்குப் போடுகிறார்கள், ஆறுகிற நேரத்தை யாரும் போடுவதில்லை. குக்கர் விசில் அடங்கப் பத்து நிமிடம், சோறு ஆறக் கால் மணி நேரம். அந்த இருபத்தைந்து நிமிடம்தான் 7 மணிக்கு உங்களைத் துரத்துகிறது. 7.05-க்கு டப்பா மூட வேண்டுமென்றால் 6.25-க்குச் சோறு தட்டில் பரவியிருக்க வேண்டும். அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள்.

5.40-க்கு எழுந்ததும் முதல் வேலை குக்கர். காபி அடுத்த பர்னரில், குக்கருக்குப் பிறகுதான். பச்சரிசி ஒரு கப்புக்குத் தண்ணீர் 2 கப், மூன்று விசில். புழுங்கலரிசிப் பொன்னி என்றால் 3 கப், ஐந்து விசில். கலந்த சாதத்துக்கு இதில் கால் கப் தண்ணீரைக் குறைத்துவிடுங்கள். மேல் அடுக்குப் பாத்திரத்தில் பருப்போ உருளைக்கிழங்கோ கூடவே வெந்துவிடும். 6.05-க்கு அணைக்கலாம். 6.15-க்கு வெயிட்டைக் கரண்டிக் காம்பால் லேசாகத் தூக்கிப் பார்த்து, ஆவி வராவிட்டால் திறந்து, தட்டில் அரை டீஸ்பூன் நல்லெண்ணெய் விட்டுப் பரப்பி, ஃபேனுக்குக் கீழே வையுங்கள். இரண்டாவது பர்னரில் இட்லிக் கொப்பரை. தண்ணீர் கொதித்த பிறகு தட்டு உள்ளே போனால் 10 நிமிடம் போதும். பச்சைத் தண்ணீரில் தட்டை வைத்துவிட்டு ஏன் வேகவில்லை என்று பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். மூன்றாவது பர்னரில் பொரியல், மூடி போட்டு, தண்ணீர் தெளித்து.

6.40-க்குச் சாதத்தைக் கலக்கலாம். எலுமிச்சை என்றால் தாளிப்பை இறக்கிய பிறகே பிழிய வேண்டும், அடுப்பில் இருக்கும்போது பிழிந்தால் கசக்கும். 6.45 முதல் 7.05 வரை பிள்ளைகள் சாப்பாடு. அந்த இருபது நிமிடத்தில் அடுப்புப் பக்கம் ஒரு வேலையும் இருக்கக் கூடாது.

குக்கர் பக்கவாட்டில் ஆவி விட்டுக்கொண்டு விசில் வரத் தாமதமாகிறதா? கேஸ்கட் தளர்ந்திருக்கிறது. ஃப்ரீசரில் பத்து நிமிடம் வைத்தால் அன்றைக்கு ஓடும், அந்த வாரமே புதிது வாங்கிவிடுங்கள். வெயிட் உட்காரும் குழாயில் ஊசி விட்டுப் பாருங்கள், பருப்பு நுரை காய்ந்து அடைத்திருக்கும். பருப்பில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் அந்த நுரை எழும்பாது.

இரவு கால் மணி நேர வேலை: பீன்ஸ், கேரட், கோஸ் நறுக்கி மூடிய டப்பாவில், அடியில் ஒரு துணித் துண்டு. கத்தரியும் உருளையும் கறுக்கும், காலையில்தான். கீரை ஆய்ந்து, கழுவாமல், காகிதத்தில் சுற்றி வையுங்கள். கழுவி வைத்தால் அழுகும். சின்ன வெங்காயம் ஞாயிறு உரித்து ஈரமில்லாத டப்பாவில் வைத்தால் வியாழன் வரை நிற்கும். புளியைக் கரைத்து உப்புப் போட்டுக் கெட்டியாகக் கொதிக்கவிட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம்.

மேல்மருவத்தூர் பாலா

சப்பாத்திக்கு நான் பதில் சொல்கிறேன் சகோ. விறைப்பதற்குக் காரணம் பெரும்பாலும் சிம்மில் சுடுவது. தீ குறைந்தால் கல்லில் கிடக்கும் நேரம் கூடுகிறது, ஈரம் முழுக்க வெளியேறி அப்பளமாகிறது. கல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஒரு சப்பாத்தி மொத்தமாக ஒரு நிமிடம், ஒன்றேகால் நிமிடத்துக்கு மேல் கல்லில் இருக்கக் கூடாது.

கோதுமை மாவு 2 கப்புக்கு வெதுவெதுப்பான தண்ணீர் முக்கால் கப்புக்குச் சற்று மேல், எண்ணெய் ஒரு டீஸ்பூன். விரலில் லேசாக ஒட்டி விடுகிற பதம். அரை மணி நேரம் மூடி வையுங்கள். தேய்க்கும்போது தொடுமாவு அதிகம் போனால் அதுவே சப்பாத்தியை உலர்த்தும், தட்டி உதறிவிட்டுச் சுடுங்கள். எடுத்த உடனே நெய் தடவி, துணி விரித்த ஹாட்பாக்ஸில். டப்பாவில் கட்டும் முன் இரண்டு நிமிடம் வெளியே விரித்து ஆவியைப் போகவிட்டு மடியுங்கள்.

இரவே பிசைவதென்றால் உருண்டையின் மேல் எண்ணெய் பூசி, காற்றுப் புகாத சின்ன டப்பாவில் நெருக்கமாக வைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். பெரிய டப்பாவில் காற்று நிறைய இருக்கும், மேலே கறுக்கும். காலையில் எழுந்ததும் வெளியே எடுத்துவிட வேண்டும். ஜில்லென்ற மாவு தேய்க்க வராது.

மழலை டீச்சர்

சின்னவன் டப்பா பாதி திரும்புவதற்குச் சமையல் காரணமாக இல்லாமலும் இருக்கலாம்மா. எல்.கே.ஜி., யு.கே.ஜி. பிள்ளைகளுக்குச் சாப்பிட இருபது நிமிடம் கிடைக்கும். கை கழுவி, வரிசையில் வந்து, உட்கார்ந்து, திறப்பதிலேயே ஏழு எட்டு நிமிடம் போய்விடும். முப்பது பிள்ளைகளுக்கு ஒரு டீச்சர், ஒரு ஆயாம்மா. நாலு பக்கமும் கிளிப் உள்ள டப்பாவை அந்த விரல்களால் திறக்க முடியாது. கை உயர்த்திக் காத்திருக்கும், அதற்குள் மணி அடித்துவிடும். வாங்கும்போது பிள்ளையின் கையை நனைத்துவிட்டு, அதையே மூன்று தடவை திறந்து மூடச் சொல்லிப் பாருங்கள். திறக்க வராத டப்பாவை எத்தனை அழகாக இருந்தாலும் வாங்க வேண்டாம்.

அளவைக் குறையுங்கள். இரண்டு இட்லி, ஒவ்வொன்றும் நான்கு துண்டு. சாதம் என்றால் ஒரு குழிக்கரண்டி, ஸ்பூனில் எடுக்கிற பதத்தில். நிரம்பிய டப்பாவைப் பார்த்தாலே சில பிள்ளைகள் மூடிவிடும். காலியாக வந்தால் மறுநாள் ஒரு துண்டு கூட்டுங்கள். புதுப் பண்டத்தை முதலில் வீட்டில் சனிக்கிழமை கொடுத்துப் பழக்குங்கள், பள்ளியில் முதல் தடவை வேண்டாம். திராட்சையை முழுசாகப் போடாதீர்கள், நீளவாக்கில் நாலாக நறுக்குங்கள். வழுக்கித் தொண்டையில் அடைக்கிற பண்டம் அது. முழு வேர்க்கடலையும் அப்படித்தான்.

7.20-க்கு ஒரு பெரிய டம்ளர் பால் கொடுத்து அனுப்புகிறீர்களா? அப்படியானால் 11.15-க்குப் பசி இருக்காது. பாலை எழுந்தவுடன் கொடுங்கள், அல்லது சாயங்காலத்துக்கு மாற்றுங்கள்.

அரசுப் பள்ளி அப்பா

அரசுத் தொடக்கப் பள்ளியில் ஒன்று முதல் ஐந்து வரை படிக்கிற பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு ஒன்று. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கியது, 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல் வகைகள், காய்கறிச் சாம்பாருடன். மதியம் சத்துணவு, முட்டையோடு. காலையில் அடுப்பு ஒரு பர்னர் மிச்சம். ஆனால் பிள்ளை வகுப்பு தொடங்குவதற்கு முன்பே பள்ளியில் இருக்க வேண்டும். 6 மணிக்கு வேலைக்குக் கிளம்புகிறவர்கள் வீட்டில், யார் கொண்டுபோய் விடுவது என்பதை அக்கம்பக்கத்தில் பேசி முறை வைத்துக்கொள்ளுங்கள்.

வேளச்சேரி மாடிவீடு

எல்லாருக்கும் நன்றி. பால் விஷயம் உண்மைதான், நாளையிலிருந்து மாற்றுகிறேன். டப்பா மூடியை இன்றைக்கே சோதித்தேன், அவனால் இரண்டு கிளிப் திறக்க முடியவில்லை.

இன்னொரு கேள்வி. வீட்டில் அவரும் உதவி செய்கிறார். ஆனால் "என்ன செய்யணும் சொல்லு" என்று கேட்டு நிற்கும்போது, சொல்வதே ஒரு வேலையாகிவிடுகிறது. எப்படிப் பிரித்துக்கொள்வது?

ஈரோட்டு அப்பா

உதவின்னு பிரிச்சா அப்படித்தானுங்க ஆகும். முழு வேலையாப் பிரிக்கோணும். "டப்பா" ஒருத்தர் பொறுப்புன்னா, என்ன சமைக்கிறதுன்னு யோசிக்கிறது, மளிகை தீர்ந்துச்சான்னு பாக்குறது, கட்டுறது, சாயங்காலம் வந்த டப்பாவத் திறந்து கழுவுறது வரைக்கும் அவரோடது. "பிள்ளைங்க" இன்னொருத்தர் பொறுப்புன்னா எழுப்புறது, குளிப்பாட்டுறது, யூனிஃபார்ம், எந்த நாள் வெள்ளை ஷூ, டைரில என்ன எழுதி வந்துச்சு, வேன் வரைக்கும் கூட்டிட்டுப் போறது, எல்லாமே அவரோடது. வாரம் மாத்தி வாரம் மாத்திக்கலாமுங்க. ஆனா நடு வாரத்துல ஒருத்தர் வேலைல இன்னொருத்தர் கை வெச்சுத் திருத்தக் கூடாது. இட்லி கோணலா இருந்தாலும் அது அவரு கட்டுன டப்பா.

வாட்ஸாப்புல பள்ளிக்கூடக் குழுவுல ரெண்டு பேரும் இருக்கோணும். அந்த ஒண்ணு மட்டும் பெரும்பாலும் அம்மாக்கள் போன்லயே நின்னு போகுது. வேன் டிரைவர் நம்பர் ரெண்டு போன்லயும் இருக்கோணும்.

வேளச்சேரி மாடிவீடு

இந்த இழை தொடங்கி நான்கு நாள்தான், இன்று இரவு சின்னவனுக்கு 101 டிகிரி. 16 கிலோ இருக்கிறான். வீட்டில் இரண்டு பாராசிட்டமால் சிரப் பாட்டில். நாளைக்கு மாதக் கடைசி, இரண்டு பேருக்கும் லீவு எடுப்பது கஷ்டம். காலையில் மருந்து கொடுத்து அனுப்பலாமா?

வார்டு அக்கா

அனுப்பாதீங்கம்மா. 6.30-க்குக் கொடுக்கிற சிரப் 11 மணிவாக்கில் தணியும், காய்ச்சல் திரும்ப ஏறும், பள்ளியிலிருந்து போன் வரும். மருந்து இல்லாமலே 24 மணி நேரம் காய்ச்சல் வராமல் இருந்தால்தான் அனுப்ப வேண்டும்.

முதலில் இரண்டு பாட்டிலையும் வெளிச்சத்தில் வைத்து லேபிளைப் படியுங்கள். ஒன்றில் 5 மி.லி.க்கு 120 மி.கி. என்றும் மற்றதில் 5 மி.லி.க்கு 250 மி.கி. என்றும் இருக்கும். நிறமும் வாசனையும் ஒன்றுபோலவே இருக்கலாம். அளவு, ஒரு கிலோவுக்கு ஒரு வேளைக்கு 10 முதல் 15 மி.கி. உங்கள் பையன் 16 கிலோ, ஆக 160 முதல் 240. 250 பாட்டில் என்றால் 4 மி.லி. போதும், அது 200 மி.கி. 120 பாட்டில் என்றால் 8 மி.லி. இந்த 8 மி.லி.யை நினைவில் வைத்துக்கொண்டு தூக்கக் கலக்கத்தில் 250 பாட்டிலில் ஊற்றினால் 400 மி.கி. ஆகிவிடும். அதனால் ஒரு பாட்டிலை இன்றைக்கே கண்ணுக்குத் தெரியாத இடத்தில் எடுத்து வையுங்கள். சமையலறை ஸ்பூனால் அளக்காதீர்கள், பாட்டிலோடு வந்த மூடியோ ஊசியில்லாத சிரிஞ்சோதான்.

ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் குறைந்தது 4 மணி நேரம், முடிந்தால் 6. ஒரு நாளைக்கு 4 வேளைக்கு மேல் வேண்டாம். சளி சிரப் கொடுக்கிறீர்களென்றால் அதிலும் பாராசிட்டமால் கலந்திருக்கிறதா என்று பாருங்கள். மழைக்காலத்தில் டெங்கு இருக்கக்கூடும் என்பதால் டாக்டர் சொல்லாமல் ஐபுப்ரூஃபன் வேண்டாம், ஆஸ்பிரின் எப்போதுமே வேண்டாம்.

ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டுங்கள்: நேரம், எத்தனை மி.லி., கொடுத்தது யார். வேலைக்குப் போகிற வீடுகளில் மருந்து இரட்டிப்பாவது இங்கேதான். அம்மா 8 மணிக்குக் கொடுத்துவிட்டுப் போவார், பாட்டி வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்து 9 மணிக்கு இன்னொரு வேளை கொடுப்பார்.

குளிர்ந்த நீரில் குளிப்பாட்டாதீர்கள், போர்வை போட்டு மூடவும் வேண்டாம். அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள். வயிற்றுப்போக்கும் இருந்தால் ஓ.ஆர்.எஸ். 1 லிட்டர் பாக்கெட்டை முழுதாக 1 லிட்டர் கொதித்து ஆறிய நீரில் கரையுங்கள், பாதிப் பொடி ஒரு டம்ளர் என்று கண்ணளவு போட்டால் உப்பு கூடிவிடும். 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம்.

மூச்சு வேகமாக வாங்குவது, எழுப்பினால் சரியாக விழிக்காதது, 6 மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் போகாதது, விடாத வயிற்றுவலி, திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, இதில் எது வந்தாலும் காத்திருக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள். மூன்றாம் நாள் காய்ச்சல் இருந்தால் ரத்தப் பரிசோதனைக்கு டாக்டரிடம் போங்கள். டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற நாட்களில்தான் கவனம் அதிகம் தேவை.

ஈரோட்டு அப்பா

லீவை அரை அரையாப் பிரிச்சுக்குங்க. காலை 1 மணி வரைக்கும் ஒருத்தர், அதுக்கப்புறம் இன்னொருத்தர். ராத்திரி 10-க்குள்ள ரெண்டு பேரும் அவங்கவங்க மேலாளருக்கு மெசேஜ் போட்டிருங்க, காலை 8 மணிக்குச் சொல்றதவிட அது அவங்களுக்கும் வசதி. மாத்துற நேரத்துல அந்த ஃப்ரிட்ஜுத் தாளைப் படிச்சுட்டுக் கிளம்புங்க. வேன் டிரைவருக்கும் இப்பவே சொல்லிருங்க, தெருமுனைல ஹாரன் அடிச்சு மத்த பிள்ளைங்க காத்திருக்க வேண்டாம்.

வேளச்சேரி மாடிவீடு

அப்படியே செய்தோம். 250 பாட்டில் பீரோ மேல் தட்டுக்குப் போய்விட்டது. 120-இல் 8 மி.லி. கொடுத்தேன், தாளில் எழுதியாகிவிட்டது. இப்போது 99.6, தூங்குகிறான். டப்பா வேலை நாளைக்கு ஒன்றுதான், தயிர்சாதம், பால் ஊற்றி.

கடைசியாக ஒன்று. கழுவினாலும் ஸ்டீல் டப்பா மூடியில் ஒரு வாடை போகவே மாட்டேன் என்கிறது.

ராஜம் சமையல்

மூடிக்குள் இருக்கிற சிலிகான் வளையத்தைக் கழற்று கண்ணு. ஸ்பூன் காம்பால் நெம்பு, கத்தி வேண்டாம், கீறல் விழுந்தால் அதிலேயே அழுக்குச் சேரும். அடியில் பழைய சாம்பார் இருக்கும் பார். அரை லிட்டர் வெந்நீரில் ஒரு டேபிள்ஸ்பூன் சமையல் சோடா, அரை மணி நேரம் ஊறட்டும். பழைய பல் துலக்கியால் பள்ளத்தைத் தேய். வளையமும் மூடியும் தனித்தனியாக இரவு முழுக்கக் காயட்டும், ஈரத்தோடு மாட்டாதே. கறுப்புப் புள்ளி விழுந்திருந்தால் தேய்த்துப் போகாது, வளையத்தை மட்டும் புதிதாக வாங்கி மாற்று. வாரம் ஒரு தடவை, வெள்ளிக்கிழமை சாயங்காலம் கழற்றினால் போதும்.

பையனுக்கு நாளைக்கு அரிசி நொய்க் கஞ்சி வை, பாசிப்பருப்பு ஒரு கைப்பிடி போட்டு. எழுந்ததும் எப்படி இருக்கிறான் என்று ஒரு வரி போடு.